எழுதிக் கொடுத்தால்தான் இணைப்பு நிற்கும்

வீடு மாறப் போகிறோம். இப்போதுள்ள வீட்டில் இன்டர்நெட் இணைப்பு இருக்கிறது. இனி அது வேண்டாம். என்ன செய்வது?

பலர் பணம் வசூலிக்க வரும் பையனிடம், "அடுத்த மாதம் வேண்டாம் தம்பி" என்று சொல்கிறார்கள். அவரும் "சரி அக்கா" என்கிறார். அந்தப் பேச்சு கம்பெனியின் கணக்கில் ஏறாது. மாதம் 500 ரூபாய் பில் என்று வையுங்கள். நான்கு மாதம் கழித்து 2,000 ரூபாய் கேட்டு நோட்டீஸ் வரலாம். யாரும் பயன்படுத்தாத இணைப்புக்கு!

டி.டி.எச். டி.வி. இப்படி அல்ல. அதற்கு முன்பணம் கட்டுகிறோம். ரீசார்ஜ் செய்யாவிட்டால் படம் நின்றுவிடும். மாதம் முடிந்து பில் வரும் இணைப்பில்தான் கவனம் வேண்டும்.

இணைப்பு வாங்கியபோது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் அல்லவா? அதை எடுங்கள். இணைப்பை நிறுத்த எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். இதற்கு முன்னறிவிப்பு என்று பெயர். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், படிக்கிற பிள்ளையிடம் காட்டுங்கள்.

முன்னறிவிப்பு 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஜூலை 31 அன்று வீட்டைக் காலி செய்கிறீர்கள். ஜூலை 1 அன்றே கடிதம் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். ஜூலை 28 அன்று கொடுத்தால், ஆகஸ்ட் 27 வரை பணம் கேட்பார்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

ஐயா,
என் பெயர் ............
என் வாடிக்கையாளர் எண் ............
............ தேதி முதல் எனக்கு இணைப்பு வேண்டாம். அதுவரை உள்ள பில்லைக் கட்டிவிடுகிறேன். என் முன்வைப்புத் தொகை ............ ரூபாயைத் திருப்பித் தரவும்.
கையெழுத்து, தேதி

வாடிக்கையாளர் எண் பில்லில் இருக்கும். கடிதத்தை இரண்டாக எழுதுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுங்கள். மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். போனில் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "இன்னும் 3 மாதம் பாதி விலைக்குத் தருகிறோம்" என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகிறதா? கடைசி பில் கட்டியதும் வங்கியில் சொல்லி நிறுத்துங்கள். அதை மட்டும் நிறுத்தினால் இணைப்பு ரத்தாகாது. பாக்கிதான் ஏறும்.

அடுத்தது பெட்டி. மோடம், செட்டாப் பாக்ஸ் போன்றவை பெரும்பாலும் கம்பெனியின் பொருள். அதன் ஒயரையும் சேர்த்துக் கொடுங்கள். பெட்டியின் அடியில் ஒரு எண் ஒட்டியிருக்கும். ரசீதில் அந்த எண் இருக்க வேண்டும். "ரசீதை நாளைக்குத் தருகிறேன்" என்றால், பெட்டியையும் நாளைக்கே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பில் வருகிறதா? முதலில் கம்பெனியில் புகார் கொடுங்கள். சரியாகவில்லை என்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. தொலைபேசிக் கம்பெனிகள் மீதும் அங்கே வழக்குப் போடலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முத்திரை போட்ட கடிதத்தையும் ரசீதையும் மறக்காமல் கொண்டு போங்கள்.

பயிற்சி

1. மேலே உள்ள கடிதத்தை உங்கள் பெயர் போட்டு நோட்டில் எழுதுங்கள்.
2. ஜூன் 10 அன்று கடிதம் கொடுத்தீர்கள். முன்னறிவிப்பு 15 நாள். எந்தத் தேதி வரை பணம் கட்ட வேண்டும்?