‘கமலாம்பாள் சரித்திரம்’ படிக்குமுன்: மரபுத்தொடர்கள் பற்றிச் சில

நம் சங்கத்து இளைய நண்பர்கள் சிலர் சென்ற விடுமுறையில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் நாவலைப் படிக்கத் தொடங்கி, பாதியிலே மூடி வைத்துவிட்டனர். காரணம் யாதெனக் கேட்டதற்கு, “ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, அண்ணா, வாக்கியந்தான் தெரியவில்லை” என்றார் ஒருவர். எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டார்! மரபுத்தொடர் என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் வேண்டியதில்லை.

அறிவியல் மாணவனாகிய எனக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. ஹைட்ரஜன் எரியும்; ஆக்ஸிஜன் எரிவதற்குத் துணை நிற்கும்; இரண்டும் கூடிய தண்ணீரோ நெருப்பை அணைக்கும். கூறுகளின் குணத்தைக் கூட்டிச் சேர்மத்தின் குணத்தைக் கணக்கிட முடியாது. ‘வயிறு’, ‘புளி’, ‘கரைத்தல்’ மூன்றும் சமையலறைச் சொற்கள். ‘வயிற்றில் புளியைக் கரைத்தது’ என்றாலோ, அங்கே சமையலும் இல்லை, புளியும் இல்லை. அச்சம் மட்டுமே இருக்கிறது.

முதலில் நாவலைப் பற்றி ஒருசில வார்த்தைகள். இதை எழுதிய பி. ஆர். ராஜமையர் 1872-ல் வத்தலக்குண்டில் பிறந்தவர். ‘விவேக சிந்தாமணி’ என்ற இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்த கதை, 1896-ல் நூலாயிற்று. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. நம்மில் பலருக்கும் இன்று அந்த வயதே. 1898-ல், இருபத்தாறு வயதில், அவர் மறைந்தார். (அதே 1898-ல்தான் பெங்களூரில் கொள்ளைநோய் பரவியது; நெருக்கமான பேட்டைகளை விட்டு வந்த மக்களால் நம் மல்லேஸ்வரம் விரைந்து வளர்ந்தது.) மதுரைச் சீமைக் கிராமத்து அந்தண வீடுகளின் பேச்சை அப்படியே காதில் விழச் செய்தவர் அவர். அதனாலேயே நமக்குக் கடினம். ஏட்டுத் தமிழை எழுதியிருந்தால் அகராதி போதும். அவர் எழுதியது வீட்டுத் தமிழ்.

நூலின் தொடக்ககாலத் தலைப்பையே பாருங்கள்: ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. ‘இடம்’ என்றால் இருக்கும் இடம் என்று கொள்பவர் இங்கேயே இடறுவார். ‘பேச்சுக்கு இடம் கொடாதே’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த இடம் இது. ஒன்று நிகழ வாய்ப்பளிப்பது. ‘அபவாதம்’ என்பதும் வெறும் வதந்தி அன்று. வதந்தி மழையைப் பற்றியும் வரலாம், விலைவாசியைப் பற்றியும் வரலாம். அபவாதம் ஒரு மனிதர்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும் பழி. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்நாவலை 1998-ல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது ‘தி ஃபேட்டல் ரூமர்’ என்று பெயரிட்டார். நல்ல தலைப்புத்தான், ஆயினும் அந்த ‘ஒட்டிக்கொள்ளுதல்’ ஆங்கிலத்தில் உதிர்ந்துவிட்டது. கதையோ முழுக்க முழுக்க அதைப் பற்றியது. சிறுகுளம் என்னும் ஊரில் முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாள் என்னும் நல்ல தம்பதியரின் வாழ்வை ஊர்ப்பேச்சு எப்படிக் குலைக்கிறது என்பதே அதன் நடுநரம்பு. பேச்சால் நேரும் கேட்டைச் சொல்லும் கதையில், பேச்சின் உட்பொருளைத் தவறவிட்டவனுக்குக் கதையே தவறிப்போகிறது.

நூலின் வரிகளை இங்கே எடுத்தெழுதப் போவதில்லை. அதைத் திறக்குமுன் எவ்வகைத் தொடர்களுக்குக் காதைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும், நாட்டு வழக்கிலிருந்து எடுத்துக் காட்டுகிறேன்.

‘முழுகு’ என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்வோம். ‘எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினான்’ என்றால் குளித்தான் என்பதே. ‘அவனைத் தலைமுழுகிவிட்டேன்’ என்று ஒரு தந்தை சொன்னால்? உறவினர் இறந்த செய்தி கேட்டால் தலையில் நீர் ஊற்றிக் குளிப்பது வழக்கம். ஆகவே, உயிரோடிருக்கும் மகனை இறந்தவனாகக் கணக்கெழுதிவிட்டார் என்பது பொருள். இனி, ‘மருமகள் முழுகாமல் இருக்கிறாள்’ என்று ஒரு மாமியார் சொல்கிறாள். குளிக்கச் சோம்பலா என்று நகரத்துப் பிள்ளை நினைக்கலாம். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் முறை தப்பிவிட்டது. அவள் கருவுற்றிருக்கிறாள் என்ற மங்கலச் செய்தியே அது! ஒரே வினையில் குளியலும், சாவும், பிறப்பும் அடங்கியிருக்கின்றன. எது எப்போது என்பதை வினை சொல்லாது. யார், யாரிடம், எந்த வேளையில் சொன்னார் என்பதுதான் சொல்லும்.

இவ்வாறு மறைத்துச் சொல்வதை நம் இலக்கணிகள் கவனியாமல் விடவில்லை. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றைத் தகுதி வழக்காக நன்னூல் வகுத்திருக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம்; பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. (நன்னூலை எழுதச் செய்த சீயகங்கன் கங்க மரபினன். பழைய கங்கர்களின் முதல் தலைநகர் நமக்கு அண்மையிலுள்ள கோலார். நம் இலக்கணத்துக்கும் இந்நாட்டுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்றையது அன்று.)

தொழிலிலிருந்து பிறந்த தொடர்கள் இன்னொரு வகை. தொழில் மறைந்தாலும் தொடர் நிற்கும். நின்றாலும் பொருள் மங்கும். ‘ஒத்து ஊதுகிறான்’ என்பதை எல்லாரும் சொல்கிறோம். நாகசுரக் கச்சேரியில் ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் ஒத்துக் கருவியைப் பார்த்தவருக்கே அதிலுள்ள ஏளனம் முழுவதும் விளங்கும். ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்பதும் அப்படியே. உரைகல்லில் பொன்னைத் தேய்த்து, கோட்டின் நிறத்தைத் தெரிந்த மாற்றுடன் ஒப்பிட்டுத் தரம் காண்பது பழைய முறை. அந்த அளவையில் பத்தரையே உச்சம். இன்று நாம் இருபத்துநான்கு காரட் என்கிறோம். ஒருவரைப் ‘பத்தரை மாற்று’ என்பது, ‘நல்லவர்’ என்பதைவிட மிகுதி: உரசிப் பார்த்தும் தேறியவர் என்பது அது.

எல்லாவற்றிலும் கடினமானது எதிர்மறைப் பேச்சு. ‘நன்றாயிருக்கிறது உங்கள் நியாயம்!’ என்றால் நியாயம் நன்றாயில்லை என்றே பொருள். ராஜமையர் இதில் கைதேர்ந்தவர். வம்பளக்கும் பெண்கள் கூட்டத்தை ‘வம்பர் மகாசபை’ ஆக்கியவர் அவரே. மகாசபை என்ற பெரிய சொல்லை அற்பக் கூட்டத்தின் தலையில் வைத்ததுமே, நகைப்பும் வந்துவிடுகிறது. இவர்கள் தீர்ப்பெழுத வல்லவர்கள் என்ற அச்சமும் வந்துவிடுகிறது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதரின் பெயரைச் சற்று நிறுத்திப் படியுங்கள். ஊர்ப் பெயரிலேயே ஓர் ஆடு செத்துக் கிடக்கிறது! அவருடைய பாட்டறிவைக் கண்டு சிரிக்கலாம்; அவரை வெறுக்க முடியாது. இந்த இரண்டையும் சேர்த்து உணர்வதற்குத் தொனி தெரிய வேண்டும். தொனி அச்சில் இராது. ஆகையால் அப்பகுதிகளை வாய்விட்டுப் படிப்பதே வழி.

இனி, பெங்களூர்வாழ் தமிழராகிய நமக்கென்றே உள்ள ஒரு சிக்கல். கன்னடம் நமக்குப் பெருந்துணை. ‘ஹொட்டெ உரி’ என்பதைக் கேட்டவனுக்கு ‘வயிற்றெரிச்சல்’ தானே விளங்கும். ‘கைபிடு’ நம் ‘கைவிடு’தான். ஆனால் ‘கைகொடு’ என்று வரும்போது எச்சரிக்கை வேண்டும். தமிழில் கைகொடுத்தவன் உதவினான். கன்னடப் பேச்சில் கைகொடுத்தவன் நட்டாற்றில் விட்டுப் போனான். எழுத்து ஒன்று, பொருள் நேர்மாறு. ஓடிப்போவதைக் கன்னடத்தார் ‘காலிகெ புத்தி ஹேளு’, அதாவது காலுக்குப் புத்தி சொல்லுதல், என்கிறார்கள். நம் ‘கம்பி நீட்டுத’லைவிட இது அழகு என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

இது புத்தகத்தோடு முடியும் செய்தியும் அன்று. இங்கேயே பிறந்து வளர்ந்த என் நண்பர் ஒருவரின் அக்காளைப் பெண் பார்க்க ஊரில் மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தனர். அன்றிரவு பாட்டி தொலைபேசியில், “வந்தாங்கப்பா, ஆனா கை நனைக்காமப் போயிட்டாங்க” என்றார். “ஏன் பாட்டி, குழாயில தண்ணி வரலையா?” என்று கேட்டார் நண்பர். பாட்டி ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை அவர் தந்தையிடம் கொடுத்துவிட்டார். சம்பந்தம் செய்ய மனமில்லாத வீட்டில் உணவு கொள்ளமாட்டார்கள். ஆகவே, ‘கை நனைக்கவில்லை’ என்பது அக்குடும்பத்தின் பதில். தன் துயரத்தை நாலு சொல்லில் பேரனிடம் இறக்கிவைக்க வந்த கிழவிக்கு, இறக்க இடம் கிடைக்கவில்லை. வெளியூரில் வளரும் தமிழ், இலக்கணத்தை இழக்குமுன் இத்தொடர்களைத்தான் இழக்கிறது என்பது என் எண்ணம். இலக்கணத்தைப் பள்ளியில் கற்பிக்கலாம். இவற்றுக்குக் கூடமும் அடுக்களையும் வேண்டும். அல்லது ராஜமையர் போன்றவரின் நாவல் வேண்டும்.

படிக்கும் முறை பற்றி: முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள், ஐயமுள்ள தொடரின்கீழ்க் கோடிட்டுக் கதையோடு செல்லுங்கள். அத்தியாயம் முடிந்தபின், நடந்த நிகழ்ச்சியை வைத்தே பாதிக் கோடுகளை அழித்துவிடலாம். மீதிக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் பாருங்கள். ‘கை’ என்ற சொல்லோடு கூடிய தொடர்களே அதில் பல பக்கம் ஓடும். மொழி அறக்கட்டளை வெளியிட்ட மரபுத்தொடர் அகராதி இக்கால வழக்குக்கு உதவும். அதன்பிறகும் எஞ்சும் நாலைந்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, காடு மல்லேஸ்வரர் கோயில் பக்கம் மாலையில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு தொடருக்குப் பொருள் கேட்டால் மூன்று கதை சொல்வார்கள். அவசரமாகப் போக வேண்டிய நாளில் மட்டும் கேட்காதீர்கள்.