நஞ்சினின்று பிறந்த மருந்து

1945ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூசுவெல்ட்டு மூளையில் குருதி கசிந்து உயிர்நீத்தார். மயங்கி வீழ்ந்த அன்று அவருடைய குருதி அழுத்தத்தின் மேலளவு 300ஐயும் கடந்திருந்தது, கீழளவு 190. நலமுடையார்க்கு இவை முறையே 120, 80 அளவினவாகும். பெருநாடொன்றின் தலைவராயினும், ஓய்வு கொள்க, உப்பைக் குறைக்க என்பதற்கு மேல் அந்நாளைய மருத்துவர் அவர்க்குச் செய்யத்தக்கது மிகச் சிறிதே.

அந்நோய்க்கு நல்ல மருந்தொன்று கிடைத்த வழி வியப்புக்குரியது. பிரேசில் நாட்டில் சராராக்கா என்னும் விரியன் பாம்பு உண்டு. அது தீண்டியவரது குருதி அழுத்தம் திடுமெனத் தாழும். அதன் நஞ்சைக் குருதியோடு கலந்து ஆய்ந்த ரோச்சா இ சில்வா முதலியோர், குருதிக்குழாய்களை விரியச் செய்யும் பிராடிகைனின் என்னும் பொருள் தோன்றுவதை 1949இல் வெளியிட்டனர். அவர்தம் மாணவர் செர்சியோ பெரைரா, அப்பொருளின் ஆற்றலைப் பெருக்குவதொன்றும் நஞ்சிலேயே உள்ளதென 1965இல் காட்டினார். பின்னர் அதனை எடுத்துக்கொண்டு இலண்டன் சென்று, ஜான் வேன் என்பாரின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

குருதி அழுத்தத்தை உயர்த்துவதற்கு உடலில் ஒரு தொடர் உண்டு. ஈரல் ஒரு புரதத்தை ஆக்குகிறது. சிறுநீரகம் சுரக்கும் ரெனின் அதனைத் துணிக்கிறது. அத்துண்டை வேறொரு நொதி மீண்டும் துணித்து, குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சினாக மாற்றுகிறது. இவ்விரண்டாம் நொதியையே பாம்பின் நஞ்சு தடுத்தது.

எனினும் நஞ்சிற்கண்ட பொருளை ஊசிவழியே செலுத்தினாலன்றிப் பயனில்லை. நாள்தோறும் ஊசி கொள்வார் யார்? அமெரிக்காவில் ஸ்குவிப் நிறுவனத்தைச் சார்ந்த ஒண்டெட்டி, குஷ்மன் என்னும் இருவர், அந்நொதியின் வடிவை உய்த்துணர்ந்து, பூட்டுக்கேற்பத் திறவுகோல் செய்வார்போல, விழுங்கத்தக்க சிறு பொருளொன்றை 1975இல் ஆக்கினர். அதுவே கேப்டோப்ரில், 1981இல் அந்நாட்டரசின் இசைவு பெற்றது. நோயாளர் பாம்பின் நஞ்சை உண்கின்றனர் எனச் சிலர் கூறுவது பொருந்தாது. நஞ்சு வழி காட்டியதேயன்றி, மாத்திரையில் அஃது இல்லை.

இவ்வகை மருந்தால் சிலர்க்கு வறட்டிருமல் உண்டாயிற்று. ஆதலின், ஆஞ்சியோடென்சின் சென்று பற்றும் இடத்தையே மறைக்கும் லோசார்டன் 1995இல் வந்தது. சிறுநீரகத்தைச் சூழ்ந்த நரம்புகளை வெப்பத்தாலோ ஒலியலையாலோ தணிக்கும் முறைக்கு அமெரிக்கா 2023இல் இசைவளித்தது. தொடரின் தலைப்பாகிய ஈரற்புரதம் உண்டாவதையே குறைக்கும் ஊசிமருந்தொன்றும் ஆய்விலுள்ளது. ஒருமுறை செலுத்திய அவ்வூசியின் பயன் 24 வாரங்கள் வரை நிலைத்ததென 2023இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.