சேவைக்குச் சம்பளம் கேட்கலாமா?

கேள்வி: வெயிலால் நடவுப் பெண்களின் தேகநிலைக்கு நேரும் கேட்டை ஆராயும் குழுவொன்று, கல்லூரி மாணவிகளாகிய எங்களை உதவிக்கு அழைக்கிறது. ஊதியம் கேட்டால், சேவை மனப்பான்மை இல்லை என்கிறார்கள். கேட்பது தவறா?
- ஒரு மாணவி, திருத்துறைப்பூண்டி

பதில்: தவறே இல்லை. மேற்பார்வையிடும் பேராசிரியர் சம்பளம் வாங்கிக்கொண்டே சேவை செய்வதை எவரும் ஆட்சேபிப்பதில்லையே!

தமிழ்நாட்டு உப்பளங்கள் ஏழில் சுமார் 350 தொழிலாளரை 2017 முதல் 2020 வரை பரிசோதித்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆராய்ச்சியாளர்கள், அவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகச் சக்தி குன்றியிருப்பதாக 2023-இல் வெளியிட்டார்கள். வெப்பத்தையும் ரத்தத்தையும் கருவிகள் அளந்துவிடும்; ஆனால், ஒதுங்க மறைவிடமில்லாத வயலில் இறங்கும் பெண், அந்தச் சங்கடத்துக்கு அஞ்சியே மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காதிருக்கிறாள் என்ற விஷயம், அவள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவள் பேச்சிலேயே பேசக்கூடிய உங்களைப் போன்றவர்களிடம்தான் வெளிப்படும். ஆகவே, பிறர் வகுத்த வினாத்தாளை நிரப்புவதோடு நில்லாமல், வினாக்களை வகுக்கும் கூட்டத்திலேயே உங்களுக்கு ஸ்தானம் வேண்டும்.

நாட்கூலி, பிரயாணச் செலவு, கட்டுரையில் உங்கள் பெயர் ஆகியவற்றை முன்னதாகவே எழுத்தில் பெறுங்கள். பதினெட்டு நிரம்பாதவர்களை ஆராய்ச்சிக்கு உட்படுத்தினால், பெற்றோரின் சம்மதத்தோடு, 12 வயது கடந்த பிள்ளைகளின் எழுத்துபூர்வமான இசைவும் அவசியமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் வருஷ நெறிமுறைகள் விதிக்கின்றன, அதையும் ஞாபகப்படுத்துங்கள்.

முடிவுகளை ஊராருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கலாம்; அன்றைக்கும் கூலி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.