பேஸ் பெடலில் இல்லை தம்பி

பாலசமுத்திரம் பக்கம் திருவிழா மேடையில் பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன் எவனைப் பார்த்தாலும் இதே கேள்விதான்: “அண்ணே, ஆக்டேவ் பெடல் வாங்கிட்டா டப் பேஸ் வந்துருமாமே?” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ரெகேயிலிருந்து கிளைத்த டப் இசையின் அந்தக் கனத்த பேஸ் பெடலால் வராது.

நாலு கம்பி பேஸில் தடித்த கம்பியைச் சும்மா தட்டினாலே 41 ஹெர்ட்ஸ். பெடல் அதைப் பாதியாக்கி 20 ஹெர்ட்ஸ் பக்கம் தள்ளுகிறது. மனிதக் காது கேட்பதே ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது. மைக்செட்காரரின் 15 அங்குல பாக்ஸோ அதற்கு வெகு முன்பே கையை விரித்துவிடும். கோன் மட்டும் முன்னும் பின்னும் துடிக்கும், காயில் சூடேறும், சத்தம் வராது. நம் காது ‘கனம்’ என்று எடுத்துக்கொள்வதில் பெரும்பங்கு அதே கம்பியின் 82 ஹெர்ட்ஸ் மேல்சுரம். அது உங்கள் கையிலேயே இருக்கிறது.

பாப் மார்லிக்கு வாசித்த ஆஸ்டன் ‘ஃபேமிலி மேன்’ பாரெட் வைத்திருந்தது நாலு கம்பி ஃபெண்டர் ஜாஸ் பேஸ், அதில் வழவழப்பான ஃப்ளாட்வுண்ட் கம்பி. நீங்களும் டோன் குமிழை முழுக்க மூடுங்கள். பிரிட்ஜ் ஓரம் கம்பிக்கடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகி, கழுத்து முடிகிற இடத்தில் கட்டைவிரல் சதையால் தட்டுங்கள். ‘டும்’ என்று விழுந்து உடனே அடங்கும். நகம் பட்டால் போச்சு.

ஐந்து கம்பி வேண்டுமா? வேண்டாம். புதுக் கம்பி? பழசே மேல். பேஸுக்கும் எக்கோவா? 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் டப் கலவை செய்த கிங் டப்பி எக்கோவை அள்ளிக் கொட்டியது ஸ்னேருக்கும் கிட்டாருக்கும் குரலுக்கும். பேஸைப் பெரும்பாலும் உலர்வாகவே விட்டார். ஆசைக்கு ஒரு ஈக்யூ பெடல் வைத்துக்கொள்ளுங்கள், 40-க்குக் கீழே வெட்டத்தான்.

அந்த டப்பி யார்? டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி, ஆம்ப் கட்டி, ரேடியோ பழுது பார்த்தவர். நம்மூரில் அந்த வேலை தெரிந்தவர் ஈயோட்டுகிறார், பெடல் கடையில் கூட்டம்! பெடல் காசில் கால்வாசியைப் பழநியிலோ திண்டுக்கல்லிலோ ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுங்கள். கோன் ஓரம் கிழிந்திருக்கிறதா, பாக்ஸில் காற்று கசிகிறதா என்று பார்ப்பார். முக்கியமாக வயர். அவசரத்தில் ஒரு பாக்ஸுக்கு பிளஸ், மைனஸ் மாறிப்போனால் ஒரு கோன் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும்; அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஆம்பை அணைத்துவிட்டு, ஒன்றின் வயரை மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எப்போது அடி கனக்கிறதோ அந்த இணைப்புதான் சரி. வயரில் பெயிண்டால் குறி வைத்துவிடுங்கள்.