மூட்டு தேய்ந்த குதிரையை மறுபடி ஓட்டலாமா?

கேள்வி: எங்கள் சவாரிக் குதிரைக்கு 14 வயது. பின்னங்காலின் ஹாக் மூட்டில் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்னார். இனி லாயத்திலேயே கட்டிவைப்பதுதான் நல்லதா?

பதில்: தயவுசெய்து கட்டிவைக்காதீர்கள். நின்றுகொண்டே இருந்தால் மூட்டு இன்னும் இறுகும். தினமும் திறந்தவெளியில் உலவ விடுங்கள்.

ஹாக் என்பது ஒரே மூட்டல்ல. கால் மடங்கி நீள்வது மேல் மூட்டில்; தேய்மானம் பெரும்பாலும் வருவது அதிகம் அசையாத கீழ் மூட்டுகளில். அவற்றில் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வலி அடங்கிவிடுவதும் உண்டு. ஆனால் அதற்கு வருடக்கணக்கில் ஆகலாம். சில குதிரைகளுக்கு முழுசாக ஒட்டுவதே இல்லை.

டாக்டர் சம்மதித்த பிறகு, சமமான, கெட்டித் தரையில் நேர்க்கோட்டில் 15 நிமிடம் நடை, பிறகு கொஞ்சம் டிராட். வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். சின்ன வட்டங்களும் தாண்டலும் இப்போதைக்கு வேண்டாம். பின்குளம்பின் நுனியை அடிக்கடி பாருங்கள்: முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் குதிரை காலை இழுத்து நடக்கிறது என்று பொருள். அப்போது வேலையைக் குறையுங்கள். குளம்பு நுனியைக் குறைத்து வளைத்து லாடம் அடித்தால் காலை எடுத்துவைப்பது சுலபமாகும்.

ஃபீனைல்பியூட்டசோன் என்ற மருந்து வலியைக் குறைக்கும். அளவு மீறினால் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு வரும். அதைக் கொடுத்து வலியை மறைத்துக் கடுமையாக ஓட்டுவது கொடுமை. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பல மாதம் கைகொடுக்கலாம். குதிரை பருமனாக இருந்தால் அந்த ஊசியால் குளம்பழற்சி வரும் ஆபத்து பற்றி முதலில் டாக்டரிடம் கேளுங்கள். எடையைக் குறைப்பது எப்படியும் நல்லது.