சுகுமார் ராயின் சித்திர விலங்குகள்

வங்கநாட்டுச் சிறுவர் நூலாசிரியருள் தலைசிறந்தவராகிய சுகுமார் ராய் விந்தைக் கற்பனையில் வல்ல கவிஞர். தம் கவிக்குத் தாமே சித்திரமும் எழுதியவர். அச்சித்திரங்களைக் கவிக்கு இட்ட வெறும் அணியென்று கொள்வாருமுளர். அது பொருந்தாது என்பதை அவருடைய 'ஆபோல் தாபோல்' நூலிலுள்ள ஒரு பாட்டைக் கொண்டே காட்டலாம்.

பாட்டின் பெயர் 'கிச்சுரி'. நம் வீட்டுக் கிச்சடியேதான். அதில் வாத்தும் முள்ளம்பன்றியும் கூடி ஓருயிராகின்றன. கொக்கும் ஆமையும், யானையும் திமிங்கிலமும் அவ்வாறே. கொம்பில்லையே என்று ஏங்கிய சிங்கம் மானோடு சேர்ந்து கொம்பு பெறுகின்றது. வங்கமொழியில் யானை 'ஹாதி', திமிங்கிலம் 'திமி'. இரண்டிற்கும் பொதுவான 'தி' என்னும் எழுத்தில் பெயர்கள் ஒட்ட, 'ஹாதிமி' பிறக்கின்றது. ஆமையையும் மைனாவையும் சேர்த்து 'ஆமைனா' என்று நாம் சொன்னாற் போல என்க. இவ்வொட்டு மொழிபெயர்ப்பில் நில்லாது. 'யானைத் திமிங்கிலம்' என்று பெயர்த்தவுடனே எழுத்துப் பொருத்தம் அற்றுப்போகும். நகையும் பாதி போய்விடும்.

படத்திலோ அவ்வொட்டு அழியாது நிற்கின்றது. எங்கே வாத்து முடிந்தது, எங்கே முள்ளம்பன்றி தொடங்கிற்று என்று விரல் வைத்துக் காட்டுதல் அரிது. ஆதலின், வங்கமொழி அறியாத நம் மாணவர் மொழிபெயர்ப்பைத் தேடுமுன் படங்களையே பார்ப்பது நன்று. தாம்பரத்துப் புதர்க்காட்டில் புள்ளிமானையும், வண்டலூர் விலங்குச்சாலையில் சிங்கத்தையும் கண்டவர்க்கு அந்தச் சிங்கமானை விளக்க ஆசிரியர் வேண்டுவதில்லை. கோயில் தூண்களில் யாளியைக் கண்டு பழகிய கண்ணுக்கு இக்கலப்பு புதிதுமன்று. சிங்கவுடலில் துதிக்கை பொருத்திய நம் சிற்பி வியப்பும் அச்சமும் விளைத்தான். ராய் நகை விளைத்தார். இரண்டிற்கும் வேண்டிய கைத்திறம் ஒன்றே.

இத்தனைக்கும் அவர் ஓவியப் பள்ளியிற் பயின்றவரல்லர். கல்கத்தா பிரெஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகமும் ரசாயனமும் கற்று, 1911-இல் இங்கிலாந்து சென்று அச்சுக்கலையும் புகைப்படக்கலையும் பயின்றார். தந்தையார் உபேந்திரகிசோர் படங்களை அச்சிடும் முறைகளை ஆராய்ந்தவர். 1913-இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியவர். எந்தக் கோடு தாளில் எவ்வாறு பதியும் என்று அச்சுக்கூடத்தில் அறிந்த கை மகனுடைய கை.

1921-இல் அவரைக் காலா-ஆஜார் என்னும் கொடுங்காய்ச்சல் பற்றியது. அந்நாளில் அதற்கு நம்பத்தக்க மருந்து எளிதிற் கிட்டவில்லை. இரண்டரை ஆண்டு நோயோடிருந்தும் எழுதுவதையும் வரைவதையும் அவர் விட்டாரல்லர். நூலின் பக்க அமைப்பையும் படுக்கையிலிருந்தே வகுத்தார். 1923 செப்டம்பர் 10-ஆம் நாள், முப்பத்தாறு நிரம்புமுன் காலமானார். ஒன்பது நாள் கழித்து, 19-ஆம் நாள், 'ஆபோல் தாபோல்' வெளிவந்தது.