எதிர்க்குறி பெற்ற விடை

ஒரு மின்கலமும் ஒரு தடையுமே உள்ள சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைக் காண்பதற்கு ஓமின் விதி ஒன்றே போதும். கலங்கள் இரண்டாகி, கிளைகளும் பிரிந்தவிடத்து அவ்விதி தனித்து நின்று உதவாது. அங்கே துணைக்கு வருவன, கிர்க்காப் என்பார் கோனிக்ஸ்பர்க் சர்வகலாசாலையில் மாணவராயிருக்கையிலேயே 1845-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரு விதிகளாம். ஒரு சந்தியை வந்தடையும் ஓட்டங்களின் தொகை, அதனைவிட்டு நீங்கும் ஓட்டங்களின் தொகைக்குச் சமம் என்பது முதலாவது. மூடிய வழியொன்றைச் சுற்றி வருங்கால், கலங்களின் வோல்ட் தொகை, ஒவ்வோர் ஓட்டத்தையும் அதன் தடையாற் பெருக்கிக் கூட்டிய தொகைக்குச் சமம் என்பது இரண்டாவது.

12 வோல்ட் கலம் ஒன்றும் 6 வோல்ட் கலம் ஒன்றும், தனித்தனியே 2 ஓம் உட்தடை உடையனவாய், நேர்முனை நேர்முனையோடும் எதிர்முனை எதிர்முனையோடும் இணைந்து, 8 ஓம் கம்பிச்சுருள் ஒன்றிற்கு மின்சாரம் ஊட்டுகின்றன என்க. பெரிய கலத்தினின்றும் புறப்படுவது க ஆம்பியர், சிறியதினின்றும் புறப்படுவது ச ஆம்பியர், சுருளில் ஓடுவது த ஆம்பியர் எனக் கொள்வோம். அப்போது,

க + ச = த
2க + 8த = 12
2ச + 8த = 6

இரு கலங்களை மட்டும் சுற்றிவரும் மூன்றாவது வழியும் உண்டன்றோ எனின், உண்டு; அது தருவது 2க − 2ச = 6. ஆனால் இஃது இரண்டாம் சமன்பாட்டினின்றும் மூன்றாவதைக் கழித்தால் தானே வருவது. புதுச் செய்தி யாதும் கூறாது. சந்தியை மறந்து இம்மூன்று சுற்றுக்களையே நம்பிக் கணக்கிடுவோர், பக்கம் நிரம்ப எழுதியபின் பூச்சியம் பூச்சியத்திற்குச் சமம் என்னும் அரிய உண்மையைக் கண்டடைவர்!

முறைப்படி தீர்த்தால் க = 2, த = 1, ச = −1 எனக் கிடைக்கும். எதிர்க்குறியைக் கண்டதும் பிழையென்றெண்ணித் தாளைக் கிழிப்பவர் பலர். கிழித்தல் வேண்டா. நாம் குறித்த திசைக்கு மாறாக ஓட்டம் செல்கிறது என்பதே அக்குறியின் பொருள். சிறிய கலம் மின்சாரம் கொடுக்கவில்லை, வாங்குகிறது. ஆற்றற் கணக்கும் இதற்குச் சான்று. பெரிய கலம் தருவது 24 வாட். அதன் உட்தடையில் 8, சுருளில் 8, சிறிய கலத்தின் உட்தடையில் 2 வாட் வெப்பமாகின்றன. எஞ்சிய 6 வாட் சிறிய கலத்தினுள்ளேயே புகுகின்றது. அக்கலம் ஈயச் சேமிப்புக் கலமாயின் மின்னேற்றம் பெறும்; மின்னேற்றத்திற்குரியதல்லாத உலர்கலமாயின் கெடும்.

சுருளின் தடையை 2 ஓமாகக் குறைத்தால் ச பூச்சியமாகும். அதனினுங் குறைத்தால் இரு கலங்களும் சேர்ந்தே மின்சாரம் ஊட்டும். ஆதலின் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் திசையைத் துணிதல் இயலாது. அம்புக்குறியை எப்பக்கமாயினும் இட்டு, முடிவுவரை அதனை மாற்றாது கணக்கைச் செய்க.